தைத்து மூடிய டேப் ரிக்கார்டர்

எனக்கு ஆட்களோடு பேச வராது. ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அங்கே ஆஜர் சொல்வதற்குக்கூட பக்கத்தில் இருந்தவள்தான் எனக்காகச் சொல்லுவாள். படிப்பு நின்ற பிறகு எங்கள் கிறிஸ்தவ சபையில் நடந்த தையல் வகுப்புக்கு அனுப்பினார்கள். குரோஷா ஊசியையும் நூலையும் கையில் வாங்கிக்கொண்டால் சாயங்காலம் வரை குனிந்தே இருக்கலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எனக்குப் பொருத்தமான வேலை இது ஒன்றுதான் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

கல்யாணமாகி பாறசாலைக்குத் தெற்கே, எல்லையை ஒட்டின ஊருக்கு வந்தேன். எங்கள் வாழைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் கேரளம். நிலச்சட்டம் வந்தபோது, அடுத்தவர் விளைநிலத்தில் நாங்கள் குடிசை போட்டிருந்த பத்து சென்ட் எங்களுக்கே சொந்தமாயிற்று. நிலம் சொந்தமானதும் அதன் மேல் நிற்கிற ஓலைக்கூரை நமக்கே வெட்கமாகத் தெரியத் தொடங்கும். என் வீட்டுக்காரர் பாறை உடைக்கப் போனார். அந்தக் கூலி அரிசிக்கும் மீனுக்கும் சரியாகப் போகும். ஓடு மேய வேண்டுமென்றால் நானும் ஏதாவது செய்ய வேண்டும். அப்படித்தான் விற்பதற்காகப் பின்ன ஆரம்பித்தேன்.

முதலில் தலையணை உறைக்குக் கரை பின்னினேன். சபையில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு மேசை விரிப்பு பின்னிக் கொடுத்தேன். பெரிதாக யாரும் கேட்டு வரவில்லை. பிறகு ஆண்பிள்ளைகள் பேர்ஷியாவுக்குப் போகத் தொடங்கினார்கள். அரபு நாடுகள் எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் அந்த ஒரு பெயர்தான். போனவர்கள் டேப் ரிக்கார்டர் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு மறுபடி போனார்கள். அதற்குள் தூசி போகுமே என்று அவர்களுடைய பெண்டாட்டிமாருக்குத் தூக்கமில்லை. ஒருத்தி வந்து, "இதுக்கு ஒரு சட்டை பின்னித் தா பிள்ளே" என்றாள். கீழே சுருக்கு வைத்து, முன்னால் அன்னாசிப் பின்னல் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பின்னலில் நான் ஒரு இதழ் கூட்டிப் போடுவேன். பார்த்தாலே என் கை என்று தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்தவர்கள் அந்த வீட்டில் ஏறினார்கள். பாட்டைக் கேட்டதைவிட சட்டையைத் தொட்டுப் பார்த்ததுதான் அதிகம். அதன்பிறகு எனக்கு இருக்க நேரமில்லை. ரேடியோவுக்குச் சட்டை, பிளாஸ்க்குக்குச் சட்டை, கரண்டே வராத வீட்டில் மேசை ஃபேனுக்குச் சட்டை. ஒருத்தி புருஷனுடைய கண்ணாடி போட்ட படத்துக்குக் கேட்டாள். வாரம் முழுக்க அவர் சட்டைக்குள் இருப்பார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் முகத்தை வெளியே எடுப்பாள். "ஆளு அங்க வெயிலுல கெடந்து கறுக்குது பிள்ளே. படமாவது வெளுப்பா இருக்கட்டு" என்றாள். அதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது.

வீடு வீடாகப் போய் அளவெடுக்க எனக்குக் கூச்சம். வேண்டியவர்களே வாழைநாரில் அளவெடுத்து, நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று என்று சேர்த்து முடிந்து என் ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் போவார்கள். சாமான் இன்னது என்று சொல்ல வேண்டாம், நாரைப் பிடித்துப் பார்த்தால் போதும். பின்னி முடித்ததை அதே கம்பியில் தொங்கவிடுவேன். எடுத்துக்கொண்டு கூலியை ஜன்னலில் வைப்பார்கள். ரூபாய் வைத்தவர்கள் உண்டு. பலர் வாசனைச் சோப்பும் கோடாலித் தைலமும் வைத்தார்கள். தைலக் குப்பிகளை எங்கே அடுக்குவது என்று யோசித்தே எனக்குத் தலை வலித்தது. "இத வச்சு ஓடு மேயவா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

ஜன்னலில் நார் கட்டாமல் ஆளனுப்பிக் கூப்பிட்டது ஒரே ஒரு வீடுதான். அமரவிளை தாண்டி நெய்யாற்றங்கரை போகிற வழியில் ஒரு பெரிய வீடு. அந்த வீட்டம்மாவுக்குப் புருஷன் இல்லை, ஒரே மகன். சபை ஏலத்தில் என் விரிப்பைப் பார்த்திருக்கிறாள். நாருக்கு அடங்காத சாமானாம், நேரில் வர வேண்டுமாம். வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வெளியே நின்றார். உள்ளே அவள் காட்டியது பத்தாயத்தை. நெல் போட்டு வைக்கிற பலாமரப் பெட்டி அது. கட்டிலைவிடப் பெரிது, ஆள் உள்ளே இறங்கி நின்றுதான் நெல் அள்ள வேண்டும்.

"தரை வரைக்கும் எறங்குத மாதிரி சட்டை வேணும். எலி கேறுது" என்றாள்.

அளவெடுக்கும்போது என் முழங்கை பலகையில் இடித்தது. வெறுங்குடத்தைத் தட்டினது போல உள்ளே முழங்கியது. நிலச்சட்டத்துக்குப் பிறகு அவர்களுடைய வயலெல்லாம் குத்தகைக்காரர்களுக்கே போய்விட்டது. முன்பு குத்தகையாகப் பாட்டநெல் சுமந்து வந்தவர்கள் இப்போது அந்த வழியாக வந்தால் சுகமா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தப் பத்தாயத்தில் ஏறின எலி பசித்து இறங்கிப் போயிருக்கும். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் நாரைப் பார்த்தேன்.

"நீ வாய் தொறக்காத பிள்ளையாக்கும்னு கேள்விப்பட்டுதான் ஆளனுப்பினேன்" என்றாள்.

எங்கள் வீட்டுக்கு வடக்கே ஒரு அக்கா இருந்தாள். அவளுக்கும் புருஷன் இல்லை. மகன் பம்பாயில் லாஞ்ச் படகு ஏறிப் பேர்ஷியாவுக்குப் போயிருந்தான். போய்ச் சேர்ந்ததாக ஒருவர் மூலம் சொல்லிவிட்டான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை, ஒரு சோப்புக்கூட. வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு மகள். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் மேசையைப் பார்த்தார்கள். பேர்ஷியாக்காரன் வீட்டில் டேப் ரிக்கார்டர் இல்லையென்றால், அவன் அங்கே ஜெயிலில் இருக்கிறான், அல்லது வீட்டை மறந்துவிட்டான். ஊர் வேறெதையும் நினைக்காது. வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள், பிறகு வரவில்லை. மகள் இப்படியே நின்றுவிடுவாளோ என்ற ஒரே பயத்தில் அக்கா மெலிந்துகொண்டே வந்தாள்.

ஒருநாள் ஜன்னலில் நார் தொங்கியது. நீளமும் அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்று. அப்படிச் சதுரமான டேப் ரிக்கார்டரை எந்த நாட்டிலும் செய்திருக்கமாட்டார்கள். கடைகளில் வைக்கிற பெரிய பிஸ்கட் டின்தான் அந்த அளவு வரும். பின்வாசல் வழியாக அக்கா வந்தாள்.

"நார் பாத்தியா?"

தலையாட்டினேன்.

"டேப்பு ஆக்கும்" என்றாள். கொஞ்சம் நின்று, "நாலு பக்கமும் அடியும் சேத்துத் தச்சு மூடிரு. ஆரும் சட்டையப் பொக்கி உள்ள பாக்கப்பிடாது. கனம் வேணும்லா, ஆத்துமணலு போட்டிருக்கேன்."

டேப்புக்கு எதற்கு மணல் என்று நான் கேட்கவில்லை.

பின்னல் என்றால் ஓட்டை இருக்கும். அக்கா வீட்டில் வைத்து மாட்டிப் பார்த்தபோது, டின்னில் அச்சடித்திருந்த வெள்ளைக்காரிச்சியின் முகம் ஓட்டை வழியாக எட்டி எட்டிப் பார்த்தது. பழைய குடைத்துணியை உள்ளே வைத்துத் தைத்தேன். கறுப்பாக, மினுமினுவென்று, பார்த்தால் ஜப்பான் சாமான்தான். குடைக்கம்பி ஒன்று மிச்சம் கிடந்தது. அதை மூலையில் சொருகச் சொன்னாள் அக்கா. ஏரியலாம்.

"இப்ப பாடிரும் போலல்லா இருக்கு" என்று மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதட்டி. ஒனக்க வாழ்க்கையாக்கும் அதுக்குள்ள இருக்கு."

"மணலுதானேம்மா இருக்கு."

அதன்பிறகு வந்த கல்யாண ஆலோசனை நெய்யாற்றங்கரைப் பக்கம். பையன் டியூட்டோரியல் காலேஜில் வாத்தியார். அமரவிளை தாண்டிப் பெரிய வீடு என்று அக்கா சொன்னதும் அது எந்த வீடு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பத்தாயம் உள்ள வீடாக்கும் பிள்ளே. அந்தப் பத்தாயத்துக்குத் தரை வரைக்கும் சட்டை போட்டிருக்காவளாம். நெல்லுக்கே சட்டை போடுத வீட்டுல எனக்க மக பட்டினி கெடப்பாளா?"

ஒரு வீட்டுச் சட்டைக்குள் இருப்பதை இன்னொரு வீட்டில் போய்ச் சொல்வது தைத்தவளுக்கு அழகில்லை. தவிர, எனக்குப் பேச வராது.

பெண் பார்க்க வந்த அன்று அக்கா என்னையும் உள்ளே உட்கார வைத்தாள். டேப்பைப் பற்றி எவராவது கேட்டால் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டுமாம். அதற்கு ஊரெல்லாம் தேடி என்னைப் பிடித்திருக்கிறாள். மாப்பிள்ளை, அந்த வீட்டம்மா, அவளுடைய தம்பி மூவரும் வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தாய்மாமனான அந்தத் தம்பி சொல்வதுதான் அவர்கள் வீட்டில் முடிவு. மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி இருந்தார். மாமன் காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.

"பெண்ணு கொள்ளாம்" என்று திருப்தியாகத் தலையாட்டினார். "இனி ஒரு பாட்டு கேக்கலாமே."

"பேட்டரி தீந்து போச்சு" என்றாள் அக்கா.

"பேட்டரிதானே? முக்குல கட உண்டு. இப்ப வாறேன்."

யாரும் தடுப்பதற்குள் இறங்கிப் போய்விட்டார். வீட்டம்மா மெல்ல எழுந்து மேசைப் பக்கம் வந்தாள். ஏரியலை அவள் பார்க்கவில்லை. அன்னாசிப் பின்னலைப் பார்த்தாள், கூட்டிப் போட்ட இதழைப் பார்த்தாள், பிறகு திரும்பி மூலையில் இருந்த என்னைப் பார்த்தாள். இந்தப் பிள்ளை இங்கே வாயைத் திறந்தால் என் பத்தாயம் போச்சு என்று அவள் நினைத்தது அவள் முகத்திலேயே இருந்தது. அந்த அம்மா இப்போது டின்னை ஒரு தட்டு தட்டினால் அக்காவின் மகள் போச்சு என்று நான் நினைத்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

மாமன் கடையில் இருந்த பேட்டரி எல்லாவற்றையும் வேட்டி மடியில் கட்டிக்கொண்டு வந்தார். டின்னைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க போடணும்? வாய் எங்க இதுக்கு? நாலு பக்கமும் தச்சுல்லா வச்சிருக்கு. பிள்ளே, ஒனக்க கத்திரி எங்க? வெட்டு."

என் மடியில் இருந்த நூல்பையை அவர் பார்த்துவிட்டார், கத்திரி அதில்தான் இருந்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் அதுவரை சிரித்துக்கொண்டிருந்த மகளின் சத்தம் நின்றுவிட்டது. அது நின்றதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

"தச்சத பிரிக்கண்டாம்" என்றாள் வீட்டம்மா.

"ஏன் அக்கா?" என்று மாமன் அவளிடம் கேட்டார்.

"பேர்ஷியாவுல இருக்குத பய திரும்பி வந்து அவன் கையாலதான் பிரிக்கணும். அதாக்கும் மொற."

"டேப்புக்கு என்ன மொற? நேத்து வந்த சாதனம்."

"நேத்து வந்ததுக்கும் மொற உண்டு. ஆளு கடலுக்கு அங்க இருக்கும்ப அவனுக்க சாதனத்துல கத்திரி வைக்கப்பிடாது. நீ இரு."

மாமன் உட்கார்ந்தார். மடி கனத்துத் தொங்கியது. "அப்ப இந்தப் பேட்டரிய நான் என்ன செய்ய?" என்றார்.

"டார்ச்சுல போடு."

சபையில் கல்யாணம் நடந்தது. பெண்ணோடு டேப்பும் போயிற்று. வேறு எவனையும் நம்பமாட்டேன் என்று மாமனே அதைத் தலையில் சுமந்தார். அங்கே அதைப் பத்தாயத்தின் மேல் வைத்தார்கள், என் சட்டைக்கு மேல் என் சட்டை. பார்த்தவர்கள், கீழே நெல்லு, மேலே பாட்டு, வேற என்ன வேணும் ஒரு வீட்டுக்கு என்றார்கள்.

அந்த முறை எங்கள் ஊரையும் பிடித்துக்கொண்டது. பெரிய வீட்டில் அப்படித்தானாம், ஆள் வராமல் பிரிக்கக்கூடாதாம். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த டேப்பையெல்லாம் பெண்கள் இடுப்பில் தூக்கிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார்கள். அடியையும் சேத்து மூடு பிள்ளே என்றார்கள். மூடினேன். ஒன்றை மூடும்போது உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்துகிற பொத்தான் எது என்று கொண்டுவந்தவளுக்கும் தெரியவில்லை, யாரிடமும் போய்க் கேட்க எனக்கும் கூச்சம். தைத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பாடி, பைய இழுத்து இழுத்து அடங்கியது. ஊரில் பாட்டுச் சத்தமே நின்றுபோயிற்று. எனக்கோ நல்ல வரும்படி. கூரை ஓட்டுக்கு என்று கொஞ்சம் சேரத் தொடங்கியது.

மழைக்காலத்தில் ஒரு காலை, அக்காவின் மகள் தனியாக வந்து முற்றத்தில் நின்றாள். கக்கத்தில் டேப். கட்டிக்கொடுத்த பெண் சீரைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அக்கா ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அனுப்பிட்டாவளா? ஒன்ன அனுப்பிட்டாவளா மக்கா?"

"எழும்பும்மா. சித்தி, கத்திரி எடுங்க" என்றாள் என்னைப் பார்த்து.

உள்ளே போய் உட்கார்ந்து சொன்னாள்.

"டின்னு மூலையில துரு பிடிச்சுட்டு. தெனமும் காலம்பற பத்தாயத்து மேல மணலு கெடக்கும். மாமி ஒண்ணும் சொல்லாம தூத்து எடுப்பா. நானும் ஒண்ணும் சொல்லல்ல. நெல்லு உள்ள வீட்டுல எதுக்கு மாமி ரேஷன் அரிசின்னு கேட்டா, பத்தாயத்து நெல்லு விசேஷத்துக்காக்கும்னு சொல்லுவா. பாட்டு எப்ப மக்கா கேக்கலாம்னு மாமி கேட்டா, அண்ணன் வரட்டுன்னு நான் சொல்லுவேன். அப்படியே போச்சு."

"பொறவு?"

"ரேஷனும் தீந்துது, அவருக்கு டியூட்டோரியல்ல சம்பளமும் குடுக்கல்ல. மாமி குளிக்கப் போயிருக்கும்ப டேப்ப எறக்கி வச்சிட்டு பத்தாயத்தத் தொறந்தேன். ஒரு மொறம் மட்டும் கெடக்கு. வேற வல்லதும் உண்டான்னு உள்ள எறங்கி நின்னு பாத்தேன். அப்ப பாத்து மாமி மணலு வாருத வாரியலோட வந்துட்டா. நான் பெட்டிக்குள்ள நிக்கேன், மாமி வெளிய நிக்கா."

அக்கா எட்டி அவள் கையைப் பிடித்தாள். "அவ என்ன சொன்னா?"

"ஒனக்க டேப்பு தெனமும் மண்ணு துப்புதே மக்கா, வயித்துக்கு ஆகல்லியான்னு கேட்டா."

"நீ?"

"பசிச்சு மண்ணு தின்னிருக்கும் மாமி, ஒங்க பத்தாயமும் வாயத் தொறந்தா கொட்டாவிதான் வருதுன்னேன்."

"எட்டி பாவீ" என்றாள் அக்கா.

"மாமி சிரிச்சா. சிரிச்சு, இருமி, என் கையப் பிடிச்சு வெளிய ஏத்தினா. பொறவு சொன்னா, கனத்துக்குத்தானே மணலு, அரிசி போட்டாலும் அதே கனம்தானே, ஒங்க ஊருல அரிசி கெடைக்கும்லா, போய் நெறச்சிட்டு வா, மாமனுக்கு மட்டும் தெரியண்டாம்னு. தெரிஞ்சா ரெண்டு வீட்டையும் ஊரு முழுக்க நாறடிச்சு என்னக் கொண்டு இஞ்ச விட்டிருவாராம்."

எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுச் சந்தையில் அரிசி தாராளமாகக் கிடைக்கும். இந்தப் பக்கம் கொண்டுபோகத்தான் விடமாட்டார்கள். அமரவிளைச் செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தி, பையையும் கூடையையும் கிண்டிப் பார்த்து இறக்கிவிடுவார்கள். அக்காவிடம் இருந்தது போதவில்லை. ஓட்டுக்கு வைத்ததில் நானும் கொஞ்சம் எடுத்தேன். அந்த மழைக்கும் ஒழுகாத பக்கமாகப் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். மணலை வாழை மூட்டில் கொட்டி, துருப்பிடித்த மூலையை மெழுகுவைத்து அடைத்து, அரிசி நிறைத்துத் தைத்தேன். மாமியார் சொல்லி அனுப்பியபடி பின்பக்கம் மட்டும் கொக்கி வைத்தேன், சுருக்குக்குள் தெரியாது. அக்கா கால் நடுங்குகிறது என்றாள். அதனால் கூடப் போக வேண்டியது நானாயிற்று.

பஸ்ஸில் டேப்பை நடுவில் வைத்து இரண்டு பேரும் இருந்தோம். பக்கத்தில் ஒரு கிழவி. அவள் முகம் மெலிந்து, இடுப்பு மட்டும் அந்த முகத்துக்குப் பொருந்தாத பருமனாக இருந்தது. செக்போஸ்டில் ஒரு சார் ஏறினார். முன்னால் ஒரு பையை எடுத்து வெளியே போட்டார். இன்னொரு கூடையை எடுத்தார். பிறகு எங்களிடம் வந்தார்.

"இதெந்தா?"

எதற்கும் சிரிக்கிற அக்கா மகள் உதடு வெளுத்து உட்கார்ந்திருந்தாள். அவர் என்னைப் பார்த்தார்.

"டேப்பு" என்றேன்.

தூக்கிப் பார்த்தார். "நல்ல கனம்."

"ஜப்பானாக்கும்" என்றேன். அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"எந்நா ஒரு பாட்டு கேக்கட்டே" என்று குடைக்கம்பியைப் பிடித்து இழுத்தார். அது கொஞ்சம் வெளியே வந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் பாட்டுக்காக எட்டிப் பார்த்தார்கள்.

"சாறே, அது தச்ச டேப்பாக்கும்" என்றாள் கிழவி. "கொண்டுவந்த ஆளு திரும்பி வராம பிரிக்கப்பிடாது. ஆளுக்கு ஆகாது. பெரிய பெரிய வீட்டுலயே அதாக்கும் மொற."

"அறியாம், அறியாம்" என்றார் அவர், தெரியும் என்று தலையாட்டியபடி. தங்கை வீட்டிலும் அப்படி ஒன்று தைத்தே இருக்கிறதாம். குடைக்கம்பியைப் பழையபடி உள்ளே தள்ளி, டேப்பை இரண்டு கையாலும் எங்கள் மடியில் வைத்துவிட்டு இறங்கினார். கிழவியை எழும்பச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. பஸ் நகர்ந்ததும் கிழவி இடுப்பைத் தடவிச் சரிசெய்துகொண்டாள். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கொக்கியைக் கழற்றி, முறத்தில் அரிசியைச் சரித்து, டேப்பைப் பத்தாயத்தின் மேல் ஏற்றிவிட்டு, அடுப்பில் உலை வைத்தாள். என்னையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். சோறு வடித்த நேரத்துக்குச் சரியாக மாமன் படி ஏறினார். வாசனை முக்கு வரைக்கும் வந்ததாம். எங்களோடு உட்கார்ந்து இலையை இழுத்துக்கொண்டார். ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"பத்தாயத்து நெல்லுன்னா பத்தாயத்து நெல்லுதான்" என்றார். "கட அரிசிய இப்படி வாயில வைக்க ஒக்குமா? அக்கா, நம்ம வீட்டுப் பவரு ஒரு சட்டத்தாலயும் போவாது."

நானும் அந்தப் பெண்ணும் இலையைப் பார்த்தபடி இருந்தோம். மாமன் பத்தாயத்தின் மேல் இருந்த டேப்பைப் பார்த்து, "ஒனக்க அண்ணன் இன்னும் வரல்லியா?" என்று கேட்டார்.

"வருவான்" என்றாள் அவள்.

"வரட்டு. ஒண்ணும் அவசரமில்ல" என்று மறுபடி இலையைக் காட்டினார்.

"மாமனுக்கு இன்னும் கொஞ்சம் போடு மக்கா" என்றாள் மாமியார்.